மூடி வைக்க முடியாத சாப்பாடு

ஊரிகத்தில் மனோகரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அந்த வீட்டில் சமைப்பது அவர்தான் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அவர் அதை மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். காலையில் காய்கறிப் பையோடு போகிறவரைப் பார்த்து, "இன்னா மனோகரு, வீட்டம்மா அனுப்பிச்சாங்களா?" என்பார்கள். "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். வீட்டம்மா அந்த நேரத்தில் நர்சிங் ஹோமில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள் என்று நடுரோட்டில் நின்று விளக்க அவருக்குப் பொறுமை கிடையாது. முட்டிவலி வேறு.

அவருடைய அப்பா ராஜப்பாவுக்கு மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். அம்மா சோறு வடித்த கையோடு முதலில் அப்பாவின் பங்கை ஒரு தட்டில் எடுத்து வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, சுவரோரம் வைத்துவிடுவாள். ஆள் சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஏறி மேலே வந்து, வீட்டு வாசலை மிதிக்கிறவரை அந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது. பிள்ளைகள் பசியில் கத்தினாலும் கூடாது. ஆள் பூமிக்குள் இருக்கும்போது அவன் சோற்றில் கை வைப்பதா? சுரங்கக்காரர்களின் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். தட்டு மூடியிருக்கிறது என்றால் ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பிள்ளைகள் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

அப்புறம் மைன்ஸை மூடினார்கள். பூமிக்குள் இறங்கும் ஷாஃப்டை மூடினார்கள், சங்கு ஊதுவதை நிறுத்தினார்கள். ஷிஃப்டை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. அது ரயிலேறி பெங்களூருக்குப் போய்விட்டது.

மனோகரும் அதோடு போனவர்தான். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின். விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து வரும் வண்டியை ஊரிகத்தில் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வரும் வழியில் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குவார். வீட்டுக்கு வந்து நிற்கும்போது நெற்றியில் கம்பியின் தடம் சிவப்பாகக் கோடு போட்டிருக்கும். "வந்துடுச்சு பாரு, ரயில்வே முத்திரை" என்று மனைவி பாக்யலட்சுமி கிண்டல் செய்தபடி, மூடி வைத்த தட்டை எடுத்து முன்னால் வைப்பாள். மகள் ரஷ்மி ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர், "உங்க அப்பா எப்போ வீட்ல இருப்பாரு?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, "எங்க அப்பா ஞாயித்துக்கெழம வருவாரு" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மனோகரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. மிஷின் முன்னால் நின்று நின்று முட்டி தேய்ந்துபோக, டாக்டர் "போதும்" என்றார். வீட்டில் வந்து உட்கார்ந்தவரிடம் பாக்யலட்சுமி, "சும்மா உக்காந்தா முட்டி இன்னும் இறுகிக்கும். எழுந்து சமைங்க" என்று கரண்டியைக் கையில் கொடுத்தாள். முதல் மாசம் அவர் வைத்த ரசத்தை மகன் விநாயக் கஷாயம் என்றுதான் கூப்பிட்டான். மூன்றாவது மாசம் கேட்டு வாங்கிக் குடித்தான். ஆள் பிடிவாதக்காரர். எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிற ரகமில்லை.

இப்போது ஷிஃப்ட் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். பாக்யலட்சுமிக்கு நர்சிங் ஹோமில் பகல் டூட்டியும் ராத்திரி டூட்டியும் மாறி மாறி வரும். விநாயக்குக்கு ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை, அதுவும் வாரத்துக்கு ஒரு நேரம். ரஷ்மி ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறாள். அதே வண்டி, அதே ஸ்டேஷன். மனோகர் ஒவ்வொருவர் பங்கையும் எடுத்து வைத்து, மூடி வைத்து, "உன்னுது மூடி வெச்சிருக்கேன்மா" என்று ஃபோனில் சொல்லிவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. என் வீட்டில் யாரும் பசியோடு படுக்கிறதில்லை என்ற பெருமை.

அந்தப் பெருமையில்தான் ரஷ்மி ஒருநாள் கை வைத்தாள்.

தட்டைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஒயிட்ஃபீல்டுலயே ஒரு பிஜி ஹாஸ்டல் பாத்துருக்கேன். ஆஃபீஸுக்கு நடந்தே போலாம். வியாழக்கெழமக்குள்ள சொல்லணுமாம்."

"இன்னாமா திடீர்னு? வீட்டு சாப்பாட்ட உட்டுட்டு?"

"இன்னா வீட்டு சாப்பாடுப்பா? வரேன், தட்டத் தெறக்கறேன், தனியா சாப்ட்டு படுத்துக்கறேன். அம்மாவப் பாத்து மூணு நாளாச்சு. விநாயக்க வாட்ஸப்புலதான் பாக்கறேன். இதையே பிஜிலயும் பண்ணலாம், ரயில்ல போற நேரமாவது மிச்சம்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பார். சாதாரணமாக, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்.

படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் மகள் மேல் கோபம். மூடி வைத்தது ஒரு குற்றமா? சூடு பண்ணி, காரம் குறைத்து, அவளுக்குப் பிடித்த மாதிரி... அப்புறம் கோபம் யார் மேலே என்று தெரியாமல் போய், கடைசியில் அந்தத் தட்டின் மேலேயே வந்து நின்றது. யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டில் ஒரு வேலைநாளில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அவர் காலத்தில் அவர் இல்லை. இப்போது அவர் மட்டும்தான் இருக்கிறார். அவள் போய்விட்டால் இனி அப்படி ஒரு வேளை வரவே வராது. எப்படியாவது பெண்ணை நிறுத்தியாக வேண்டும்.

அப்போதுதான் அவருக்குப் பாஸ்தா ஞாபகம் வந்தது. ஒருமுறை ஆஃபீஸ் பார்ட்டியில் மிச்சமான பேக்டு பாஸ்தாவை ரஷ்மி டப்பாவில் கட்டி எடுத்து வந்தாள். திறந்தால் மேலே இருந்த சீஸ் செருப்பு ரப்பர் மாதிரி இழுத்தது. "இதை ஓவன்லருந்து எடுத்த ஒடனே சாப்டணும்பா, ஆறிட்டா வேஸ்ட்டு" என்று அவள் அலுத்துக்கொண்டாள். மனோகர் இருட்டில் எழுந்து உட்கார்ந்தார். ஆறினால் வேஸ்ட். மூடி வைத்தால் அதைவிட வேஸ்ட். அப்படியானால் அதை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே ஆகவேண்டும். வேறு வழியே கிடையாது!

காலையில் ஃபோனில் வீடியோ தேடினார். ஒரு பெண் சிரித்தபடி, அவசரக் குடும்பங்களுக்கு ஒரு சுலபமான இரவுச் சாப்பாடு என்று ஆரம்பித்தாள். பாஸ்தாவை வேகவை, சாஸைக் கலக்கு, சீஸைத் தூவு, ஓவனில் வை, முடிந்தது. அவளுக்கென்ன, சமையலறை சுவருக்குள்ளேயே ஓவன் இருக்கிறது, குடும்பமும் பக்கத்திலேயே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இவரிடம் இரண்டும் இல்லை.

ஓவனுக்கு வழி பக்கத்து வீட்டு ஜெனிட்டாவிடம் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேக் மாவைக் கலக்கி, டிரேயில் ஊற்றி, ஆண்டர்சன்பேட்டை பேக்கரிக்கு எடுத்துப் போவார்கள். விறகு அடுப்பில் வரிசையாக வெந்து வரும். டிரே மாறிப்போகாமல் இருக்க ஜெனிட்டா தன்னுடையதில் ஆணியால் மூன்று புள்ளி குத்தி வைத்திருந்தாள். அந்த டிரேயைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு, "ஃப்ரெடி கிட்ட நான் அனுப்பிச்சன்னு சொல்லுங்கண்ணே. சாயந்தரம் ரொட்டி எடுத்தப்புறம் அடுப்பு தணலா இருக்கும், அப்போ வெச்சாத்தான் மேல கருகாது" என்றாள்.

பேக்கரிக்காரர் ஃப்ரெடி மனோகரை ஏற இறங்கப் பார்த்தார். "டிசம்பருக்கு இன்னும் எவ்ளோ நாள் கீது! இப்பவே கேக்கா?"

"கேக்கு இல்லப்பா, பாஸ்தா."

"யாருக்கு பர்த்டே?"

"யாருக்கும் இல்ல. சும்மா ராத்திரி சாப்பாடு."

"சும்மா ராத்திரி சாப்பாட்டுக்கு யாராவது இவ்ளோ தூரம் வருவாங்களா?" என்று சிரித்தார் ஃப்ரெடி. ஆனாலும் வரச் சொன்னார்.

நாள் அமைவதுதான் பெரும்பாடாக இருந்தது. பாக்யலட்சுமிக்குப் பகல் டூட்டி, விநாயக்குக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், இரண்டும் ஒன்றாக வந்த நாள் புதன்கிழமை. மறுநாள் ரஷ்மி பிஜிக்குப் பதில் சொல்ல வேண்டிய வியாழன். மனோகர் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தார். "புதன்கெழம எல்லாரும் ஒண்ணா சாப்படறோம். எவனும் கேன்டீன்ல வடை துன்னுட்டு வரக் கூடாது" என்றது விநாயக்குக்கு.

புதன்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிட்டார். கோலார் தக்காளி நன்றாகப் பழுத்ததாகப் பொறுக்கி வாங்கியிருந்தார். பூண்டையும் வெங்காயத்தையும் வதக்கி, தக்காளியைக் கொட்டி, எண்ணெய் பிரியும்வரை கிளறினார். வீடியோவில் அந்தப் பெண் ஏதோ காய்ந்த இலையைத் தூவினாள். அதற்கு இவர் மிளகைத் தட்டிப் போட்டார். குடைமிளகாயும் சோளமும் சேர்ந்தன. பாஸ்தாவை முக்கால் வேக்காட்டில் வடித்தார். மீதி கால் பங்கு ஃப்ரெடியின் அடுப்பு பார்த்துக்கொள்ளும். மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றியபோது கட்டி தட்டியது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வடிகட்டினார். எல்லாவற்றையும் டிரேயில் அடுக்கி, மேலே சீஸைத் துருவிப் போட்டு நிமிர்ந்தபோது முட்டி இரண்டும் கெஞ்சின. உண்மையைச் சொன்னால் வேலை சுலபம்தான். நாலு பேரை ஒரு நேரத்துக்கு வரவைப்பதோடு ஒப்பிட்டால் மிகமிகச் சுலபம்.

இருட்டத் தொடங்கியதும் விநாயக் பைக்கை ஓட்ட, பின்னால் டிரேயை மடியில் வைத்துக்கொண்டு மனோகர் ஆண்டர்சன்பேட்டைக்குப் போனார். ஃப்ரெடி நீளப் பலகையால் டிரேயை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் கிளம்பிய வாசனையில், பன் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது மேலே பொன்னிறமாக முறுகி, ஓரத்தில் சாஸ் கொதித்துக்கொண்டிருந்தது. "வீடியோல வந்த மாதிரியே கீதுப்பா!" என்றான் விநாயக். மனோகர் டிரேயைப் பழைய கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். வழியில் மழை பிடித்தது. தன் தலை நனைந்தால் நனையட்டும் என்று குடையை டிரேக்குப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

பாக்யலட்சுமி குளித்துவிட்டுத் தயாராக இருந்தாள். கூடத்தில் பாய் விரித்தாயிற்று. ரஷ்மியின் வண்டி வருகிற நேரம். ஃபோன் அடித்தது.

"அப்பா, இங்க செம மழை. மரக்கிளை ஒண்ணு ஒடைஞ்சி லைன்ல உழுந்துருச்சாம். வண்டி நின்னுக்கினே கீது. எப்ப எடுப்பாங்கன்னு தெரியல. நீங்க சாப்டுங்க."

"இல்லமா, நாங்க..."

"அய்யோ, பேடப்பா, வேணாம். பசியோட உக்காராதீங்க. எனக்கு மூடி வெச்சிடு." ஃபோனை வைத்துவிட்டாள்.

மனோகர் சமையலறைக்குள் போனார். மனசெல்லாம் ரயிலில் இருந்தது. எந்த இடத்தில் நிற்கிறதோ, பெட்டிக்குள் விளக்கு எரிகிறதோ இல்லையோ, பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளோ, நின்றுகொண்டிருக்கிறாளோ. சாயங்காலம் ஏதாவது தின்றிருப்பாளா? இந்த மரக்கிளைக்கு இன்றைக்குத்தானா உடையத் தோன்றியது? இப்படி நினைத்துக்கொண்டே இருந்தவர், பின்னால் பாக்யலட்சுமியின் குரல் கேட்டுத்தான் திரும்பினார்.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

மனோகர் குனிந்து பார்த்தார். சுவரோரம் வரிசையாக நாலு தட்டு. நாலின் மேலும் நாலு தட்டு கவிழ்த்திருந்தது. கையில் கரண்டி. பக்கத்தில் காலி டிரே. எடுத்து வைத்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது. மனசு ரயிலுக்குப் போன நேரத்தில் கை தன் பாட்டுக்குப் பழகிய வேலையைப் பார்த்துவிட்டது.

பதறிப்போய் ஒரு தட்டைத் தூக்கினார். மூடியின் உட்புறத்தில் கோத்திருந்த ஆவித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பொன்னிறமாக முறுகியிருந்த சீஸ் ஊறி வெளுத்து, குழைந்து கிடந்தது. திரும்ப டிரேயில் கொட்ட அது என்ன சாம்பாரா?

"இதுக்காப்பா கம்பளில கட்டிக்கினு வந்தோம்?" என்றான் விநாயக். பாக்யலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. கணவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மனோகர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டி மடங்கியது கூடத் தெரியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த வீட்டில் மூடி வைக்காமல் சாப்பிடலாம் என்று பார்த்தால், அதையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று இருந்தது.

சாப்பிட வேண்டாம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் யாரும் தட்டை எடுக்கவில்லை. விநாயக் இரண்டு முறை சமையலறைப் பக்கம் போய், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தான்.

ரஷ்மி வந்தபோது மழை விட்டிருந்தது. நனைந்த பையை வாசலில் வைத்துவிட்டு, பழக்கத்தில் நேராகச் சமையலறைக்குள் போனாள். எப்போதும் அங்கே அவளுக்கென்று ஒரு தட்டு இருக்கும், ஒன்றே ஒன்று. இன்றைக்கு நாலு இருந்தது. ஒன்றைத் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். நாலும் நிறைந்தே இருந்தன.

"யாரும் சாப்டலயா?"

"இல்ல" என்றாள் பாக்யலட்சுமி.

"நான்தான் சாப்டச் சொன்னேனே!"

ரஷ்மி கொஞ்ச நேரம் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளே நாலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் வைத்தாள்.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் வாயை எடுத்து வைத்த ரஷ்மி, "நல்லாத்தான் கீதுப்பா" என்றாள்.

"பொய் சொல்லாத. பாஸ்தா உப்புமா இது" என்றான் விநாயக்.

முதலில் சிரித்தது மனோகர்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டிக்கொண்டு பாக்யலட்சுமி நர்சிங் ஹோமில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த மீசைக்காரரைப் பற்றிச் சொன்னாள். இந்தக் கதையெல்லாம் இவள் இத்தனை நாள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று மனோகருக்குத் தோன்றியது.

விநாயக் எழுந்து போய் டிரேயைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஏய், இதுல ஓரமெல்லாம் அப்படியே ஒட்டிக்கினு கீது!" தட்டுக்கு வராமல் தப்பித்த முறுகல், நாலு பக்கமும், நாலு மூலையிலும் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஆளுக்கொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு டிரேயைச் சுற்றிக் குனிந்தார்கள். சுரண்டுகிற சத்தத்தில் ஜெனிட்டா வீட்டு நாய் குரைத்தது. இதுதான் அந்த வாசனை, இதுதான் ஃப்ரெடி கடையில் பார்த்த நிறம். ஒரு மூலை ரஷ்மிக்கு, ஒரு மூலை விநாயக்குக்கு என்று பிரித்துக்கொண்டு சண்டையும் போட்டார்கள்.

"அப்பா" என்றாள் ரஷ்மி, வாயில் முறுகலோடு. "அந்த பிஜிக்கு வேணாம்னு சொல்லிடறேன். சாக்கு, போதும். நான் இங்கயே இருந்துக்கறேன்."

மனோகருக்கு இது போதும். இதற்காகத்தானே இந்தப் பாடு? தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்கள் மட்டும் சொருகிச் சொருகி விழித்தன. நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, ஜன்னல் கம்பியின் தடம் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாக்யலட்சுமியும் பார்த்தாள். ரயில்வே முத்திரை என்று அவள் கிண்டல் செய்யவில்லை.

"வேணாம்மா" என்றார் மனோகர். "நீ பிஜிக்குப் போ."

"இன்னாப்பா சொல்ற? நீதான..."

"நான்தான். இப்பவும் நான்தான் சொல்றேன். இருவது வருசம் நான் பட்டது போதும். நாளைக்கே சொல்லிடு, வரேன்னு." டிரேயை அவள் பக்கம் தள்ளினார். "சனிக்கெழம சனிக்கெழம வந்துடு. ஃப்ரெடி கிட்ட அடுப்புக்குச் சொல்லி வெக்கறேன்."

"வண்டி லேட்டாச்சின்னா?"

"ஆவட்டும். உனுக்கு மூடி வெக்க மாட்டேன்."

அந்த வீட்டில் ராஜப்பா காலத்திலிருந்து யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. "நீ வந்தப்புறம்தான் டிரேய எடுப்போம்" என்று சேர்த்துச் சொன்னார்.

ரஷ்மி தன் மூலையில் ஒட்டியிருந்த கடைசி முறுகலைப் பெயர்த்து, இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அப்பாவிடம் நீட்டினாள். ஆறியிருந்தது, ஆனாலும் இன்னும் மொறுமொறுத்தது.